இரண்டாம் எடை

ஒரு வடிதாளை இரண்டு முறை எடை போடுவேன்.
வெள்ளையாய் இருக்கும்போது ஒன்று,
ஊர் அதன் வழியே மூச்சுவிட்டு முடித்தபின் ஒன்று.
கழித்தால் வருவதை எழுதி வைப்பது வேலை.
அதில்தான் என் வீட்டில் அடுப்பெரிகிறது.

உலான்பாத்தரில் ஜனவரி.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
பள்ளிக்கூட மாடியில் அளவுப்பெட்டி;
இடுக்கியால் பழைய வட்டத்தை எடுத்து
புதியதை வைக்க வேண்டும்.
கையுறையைக் கழற்றினால் உலோகம் தோலைக் கேட்கும்,
கழற்றாவிட்டால் இடுக்கி நழுவும்.
பதினோரு குளிர்காலமாய்க் கழற்றிக்கொண்டிருக்கிறேன்.

அங்கிருந்து பார்த்தால் நகரம் தெரியாது.
சுற்றிலும் மலை.
குளிர்ந்த காற்று அடியில் உட்கார்ந்துவிட,
சூடான காற்று மேலே மூடியாய்க் கவிழ,
கீழே எரிவதெல்லாம் கீழேயே வேகிறது.
அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் மட்டும்
மூடியைக் குத்திக்கொண்டு நிற்கின்றன,
தாங்கள் வேறு ஊர் என்பதுபோல.

பழகினால் கறுப்பிலும் நிறங்கள் உண்டு.
பழுப்பேறியது நிலக்கரி.
நீலம் கலந்தது டீசல்.
வசந்தத்தில் வரும் மஞ்சள், கோபியின் மணல்,
அது பாவம், யாரும் எரித்து வந்ததல்ல.
சில நாள் வட்டத்தில் ரப்பர் மணக்கும்.
யாரும் ஆசைக்கு டயர் எரிப்பதில்லை.

அமைச்சகத்திலிருந்து வந்தவர் கேட்டார்:
“இது யாருடைய புகை?”
வரைபடத்தில் வடக்குச் சரிவைக் காட்டினேன்.
கெர் கூடாரங்கள், பலகை வேலிகள்,
வெந்நீர்க் குழாய் ஏறி வராத மேடு.
எத்தனை அடுப்பு என்றார். சொன்னேன்.
என்னுடையதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.
அதை அவர் கேட்கவில்லை.

கச்சா நிலக்கரிக்குத் தடை வந்தது.
அழுத்திய கரிக்கட்டிகள் மூட்டை மூட்டையாய் வந்தன.
அந்தக் குளிர்காலம் வட்டம் வெளுத்தது.
நம்பாமல் நான்கு முறை எடை போட்டேன்.
அதே வாரம் எங்கள் சந்தில்
துல்மாவும் கணவனும் காலையில் எழவில்லை.
பழைய அடுப்பு, அடைத்த புகைபோக்கி.
இந்தக் கட்டி வேறு மாதிரி எரியும் என்று
யாராவது சொல்லியிருக்கலாம்.
அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை,
என் தாளில் ஒட்டாது.
நான் அளக்காததில் அவர்கள் செத்தார்கள்.

அப்புறம் இரவு மின்சாரம் பாதி விலை.
கடன் வாங்கி மின்கணப்பு வாங்கினேன்.
எல்லோரும் வாங்கினார்கள்.
ஒன்பது மணிக்குச் சந்து முழுக்க ஒரே நேரத்தில் சொருக,
மின்மாற்றி ஒரு முறை நீலமாய்ச் சிரித்து
அடங்கிப் போனது.
இருட்டில் என்ஹூன் இருமினாள். ஐந்து வயது.
கம்பி சிவப்பிலிருந்து சாம்பலுக்குப் போவதைப் பார்த்தபடி
பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.
அவ்வளவுதான் முடியும்.

நெருப்பில்லாமல் புகையாது, சரி.
எங்கள் சரிவில் நெருப்பில்லாமல் விடியவும் விடியாது.

கட்டிலுக்கடியிலிருந்து அரை மூட்டையை இழுத்தேன்.
தடை செய்த கரி.
புகைபோக்கியைத் தட்டிப் பார்த்து
கதவை ஒரு விரல் திறந்து வைத்தேன்,
துல்மாவை நினைத்து.
மூட்டினேன்.

அந்த இரவின் வட்டம் தராசுக்கு வந்தது.
பழுப்பேறிய கறுப்பு.
பல்ஜின்னியம் எண்ணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
“மின்தடை, அளவு செல்லாது என்று எழுதிவிடலாமே.”
பள்ளிக்கூடத்தில் மின்சாரம் போகவில்லை, அவனுக்கும் தெரியும்.

எண்ணை முழுதாய் எழுதினேன்.
குறிப்புக் கட்டத்தில்:
மின்மாற்றி எரிந்த இரவு. ஏழாம் சந்து.
பெரியதாய் ஒன்று வேண்டும்.

அந்தக் கட்டத்தை யாரும் படிப்பதில்லை என்கிறான்.
இருக்கட்டும்.
அடுத்த வட்டத்தை இடுக்கியால்தான் எடுத்தேன்.
விரல்களில் இன்னும் கரி மணம்.